பழைய மடிக்கணினியும் புதிய இயக்க முறைமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ வந்துள்ள உங்கள் முன்னே இயந்திரத்தைப் பற்றிப் பேச நாங்கள் நிற்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். பட்டிமன்றத்திற்கும் நாட்டியத்திற்கும் இடையே கிடைத்த சிறு பொழுதை இப்பொருளுக்கு ஒதுக்கிய செயற்குழுவிற்கு முதற்கண் நன்றி. இதைப் பேசுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் காலனியில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும், அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ, ஒரு பழைய மடிக்கணினி உறங்குகின்றது. அதே காலனியில், பள்ளிப் பாடத்தை எழுதுவதற்காகத் தந்தையார் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, அவருடைய கைப்பேசியை வாங்கிப் பயன்படுத்தும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். உறங்கும் இயந்திரத்தைக் காத்திருக்கும் பிள்ளையிடம் சேர்க்க இயலுமா என்று சென்ற ஓராண்டாக முயன்று பார்த்தோம். அம்முயற்சியில் கற்றவற்றையும், செய்த பிழை ஒன்றையும் உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் ஒரு கேள்வி. அந்த மடிக்கணினிகள் ஏன் மேல்தட்டிற்குச் சென்றன? பெரும்பாலானவை பழுதுற்றதனால் அன்று. திரை ஒளிர்கின்றது, விசைப்பலகை எழுதுகின்றது. ஆயினும், "இது இனி உதவாது, புதியது வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் அவ்வாறு சொன்னதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. தனிமனிதர்களுக்கு மேலும் ஓராண்டுக் காலப் பாதுகாப்பு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தவணையே அன்றித் தீர்வு அன்று. அதற்கு அடுத்த விண்டோஸ் 11-ஐ நிறுவ வேண்டுமாயின் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும், பெரும்பாலும், 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்ததாக இருத்தல் வேண்டும். நம் வீடுகளில் உறங்குபவை அதற்கும் முற்பட்டவை.

இயக்க முறைமை என்பது யாது? கூட்டுக் குடும்பம் ஒன்றில் யார் எந்த அறையில் தங்குவது, யாருக்கு எவ்வளவு அளப்பது, யார் முன்னே யார் பின்னே என்று முறைப்படுத்தும் காரியஸ்தரைப் போன்றது அது. செயலியின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வன்தட்டில் உள்ள கோப்புகளையும் பல்வேறு மென்பொருள்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் தொழில். அதில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும். கள்வர் நுழையுமுன் அவற்றை அடைக்கும் திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்க வேண்டும். திருத்தம் நின்றுவிட்டால் வீடு இடிந்துவிடாது. ஆனால் பூட்டு இல்லாத வீடாகிவிடும். அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமை ஆகாது. எனவே, கடைக்காரர் நோயைச் சரியாகவே சொன்னார். மருந்து ஒன்றுதான் உண்டு என்று சொன்னதே பொருந்தவில்லை. காரியஸ்தர் ஓய்வு பெற்றால் வேறொருவரை அமர்த்தலாம். வீட்டையே இடிக்க வேண்டுவதில்லை.

அவ்வாறு அமர்த்தத்தக்க இயக்க முறைமைகள் உள்ளன. அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனை எந்நோக்கத்திற்கும் இயக்கவும், உள்ளே திறந்து பயிலவும், மாற்றவும், பிறர்க்குப் பகிரவும் உரிமை பெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம்மிடமிருந்த 386 செயலிக் கணினிக்காக ஓர் இயக்க முறைமையை எழுதி வருவதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ். 1992-இல் அதனை ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ் அவர் கொணர்ந்தார். 1993-இல் இயன் மர்டாக் என்பவர் டெபியன் என்னும் தொகுப்பைத் தொடங்கினார். 2004-இல் அதன் வழியே உபுண்டு பிறந்தது. 2006-இல் உபுண்டுவின் வழியே லினக்ஸ் மின்ட் பிறந்தது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கியது. கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவின் அடிப்படையில் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பை அமைத்தளித்து, மாணவர்க்கு அதிலேயே கணினிப் பாடம் கற்பிக்கின்றது. ஆகவே இது ஆய்வுக்கூடத்து விந்தை அன்று. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் கருவி.

இம்முறைமைகளுக்கு விலை இல்லை என்பதைவிட முதன்மையான ஒன்று உண்டு. இவற்றின் மூலநிரல் திறந்தே இருப்பதனால், ஒரு பழைய இயந்திரத்தை எத்தனை காலம் தாங்குவது என்பதை ஒரே நிறுவனத்தின் வணிகக் கணக்கு முடிவு செய்வதில்லை. அதனைத் தாங்கிப் பிடிக்க விரும்புவோர் சிலர் உள்ளவரை அது தொடர்ந்து நடைபெறும்.

எங்கள் முயற்சிக்கு வருவோம். உறுப்பினர்கள் நூலகத்திற்கு அளித்த மடிக்கணினிகளுள் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கின்றோம். அவை மூவகைக்கு எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, 2012-இல் வாங்கப்பட்டது. ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் உடையது. அதனை இயக்கிவிட்டு அடுக்களைக்குச் சென்று காபி கலந்துகொண்டு வந்தாலும் திரை தெளிந்திராது. குறை செயலியில் இல்லை. சுழலும் வன்தட்டில் இருந்தது. அத்தகைய தட்டில், படிக்கும் ஊசி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்று சேர ஏறத்தாழ நூறில் ஒரு விநாடி ஆகும். ஆகவே விநாடிக்கு நூறு இடங்களே அதற்கு எட்டும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திற்கு அத்தடை இல்லை. நேரு பிளேஸ் கடைவீதியில் 240 ஜிபி அளவுள்ள ஒன்றை வாங்கிப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் நிறுவினோம். இப்போது நூலகத்தில் அதுவே முதலில் இடம்பிடிக்கப்படும் கணினி. 2024-இல் வந்த லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று அதனை ஆக்கியோர் அறிவித்துள்ளனர். பதினேழு ஆண்டு வாழ்வு ஓர் இயந்திரத்திற்குக் குறைவன்று.

இரண்டாவது, 2008-ஆம் ஆண்டின் கோர் 2 டூவோ செயலியும் 2 ஜிபி நினைவகமும் கொண்டது. பழையதாயினும் 64-பிட் வகையைச் சேர்ந்தது என்பதே அதன் நல்லூழ். நினைவகத்தை 4 ஜிபியாக உயர்த்தி, 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஐ, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய திரையமைப்புடன் நிறுவினோம். நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கி மடித்து வைக்கும் ஸிராம் என்னும் வசதியையும் இயக்கினோம். பாயைச் சுருட்டி வைத்தால் சிறு அறையிலும் இடம் கிடைப்பது போன்றது அது. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடப்புத்தகம் படிக்கவும் அக்கணினி நன்கு உதவுகின்றது. காணொளியைத் தெளிவு குறைத்துப் பார்த்தால் ஓடுகின்றது, உயர்தெளிவில் திணறுகின்றது. உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறப்பவர்க்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, 2009-இன் சிறு மடிக்கணினி. ஆட்டம் என்270 செயலியும் 1 ஜிபி நினைவகமும் உடையது. அச்செயலி 32-பிட் வகை மட்டுமே. இங்கேதான் கட்டற்ற மென்பொருளுக்கும் எல்லை உண்டு என்பதைக் கற்றோம். உபுண்டுவும் மின்ட்டும் 32-பிட் நிறுவலை முன்பே கைவிட்டன. டெபியனும் 13-ஆம் பதிப்பிலிருந்து அவ்வகைக்கு நிறுவல் வட்டு தருவதில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவி 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை விட்டு நீங்கியது. லினக்ஸ் தான் பிறந்த 386 செயலியையே 2013-இல் வந்த 3.8-ஆம் பதிப்பில் கைவிட்டது. பயன்படுத்துவோர் எவரும் இல்லாத பழமையைச் சுமக்க ஆக்குவோர்க்கும் ஆற்றல் வேண்டுமன்றோ? ஆயினும், 2023-இல் வெளிவந்த ஆன்டிஎக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்பு அச்சிறு கணினியில் எளிதில் இயங்கிற்று. அதனை இணையத்தில் இணைக்காமல், சிறுவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பழகும் கருவியாக வைத்துள்ளோம். முதியவரை மூட்டை தூக்கச் சொல்வது முறையன்று. திண்ணையில் அமர்ந்து கதை சொல்லச் சொன்னால் அவரால் இயலும்.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் பொது விதி இது. 64-பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் இருப்பின் லினக்ஸ் மின்ட் போன்ற முழு அமைப்பு பொருந்தும். 2 ஜிபி இருப்பின் எக்ஸ்எஃப்சிஇ திரையமைப்புடைய டெபியனோ, லுபுண்டுவோ நலம். அதற்கும் குறைந்தால் ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் போன்ற மெல்லிய அமைப்புகளை நாடலாம். எதனை நாடினும், நிறுவுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அமைப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் பதித்து, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. அந்நிலையிலேயே வை-ஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, கேமரா தெரிகின்றதா, மூடித் திறந்தால் கணினி விழிக்கின்றதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய கணினிகள் சிலவற்றில் வை-ஃபை சில்லிற்குத் தனி நிரல் வேண்டியிருக்கும். டெபியன் 12 முதல் அத்தகைய நிரல்கள் நிறுவல் வட்டிலேயே சேர்ந்து வருவதால் அத்தொல்லை குறைந்துள்ளது.

மென்பொருளை மாற்றுவதற்கு முன் உடலையும் பேண வேண்டும். இவ்வூரின் ஆந்திப் புழுதி விசிறியை அடைத்தால் எந்த இயக்க முறைமையும் கணினியைக் காக்காது. மூடியைத் திறந்து துடைத்து, செயலியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பித்தல் நன்று. பேட்டரி உப்பியிருந்தால் அதனை ஒரு நாளும் பயன்படுத்தலாகாது. இன்னொரு சிறு செய்தி: கணினி திறந்தவுடன் எல்லா இணையதளங்களும் "பாதுகாப்பற்றவை" என்று மறுத்தால் அஞ்ச வேண்டா. உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்து, கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்சென்றிருக்கும். இணையதளங்களின் சான்றிதழ்கள் நாள் பார்த்தே ஏற்கப்படுகின்றன. அந்தச் சிறு பேட்டரியை மாற்றி நாளைத் திருத்தினால் குறை தீரும்.

இனி எங்கள் பிழையைச் சொல்கின்றோம். நம் உறுப்பினர் ஒருவர், காலஞ்சென்ற தம் கணவரின் மடிக்கணினியைக் கொணர்ந்து, பேத்தியின் படிப்பிற்கு உதவுமாறு செய்து தரக் கேட்டார். கோப்புகளை நகலெடுத்தோம், முழு வன்தட்டையும் அழித்துப் புதிய அமைப்பை நிறுவினோம். கணினி செவ்வனே இயங்கியது. மறுவாரம் அந்த அம்மையார் வந்து, ஊரில் நடந்த அறுபதாம் கல்யாணத்துப் படங்கள் எங்கே என்று கேட்டார். நாங்கள் நகலெடுத்தது ஆவணங்கள் இருந்த ஒரு பகுதியை மட்டுமே. படங்கள் வன்தட்டின் 'டி' என்னும் மற்றொரு பகுதியில் இருந்திருக்கின்றன. மீட்கும் மென்பொருள் கொண்டு முயன்று சிலவற்றைப் பெற்றோம், பல போய்விட்டன. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "போனது போகட்டும் தம்பி, இன்னொரு வீட்டில் இப்படி நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அச்சொல்லைக் கேட்டு நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அன்று முதல் மூன்று விதிகளைக் கடைப்பிடிக்கின்றோம். வன்தட்டின் எல்லாப் பகுதிகளையும் உரியவரை அருகில் அமர்த்திக்கொண்டே திறந்து பார்க்கின்றோம். இரு தனி இடங்களில் நகலெடுத்து, வேறொரு கணினியில் அவற்றைத் திறந்து உரியவரிடம் காட்டுகின்றோம். இயன்றவரை பழைய வன்தட்டை அழிப்பதே இல்லை. அதனைக் கழற்றி உறையிலிட்டு உரியவரிடமே கொடுத்துவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி.யில் நிறுவுகின்றோம். வீட்டில் தாமே முயலும் இளைஞர்களே, இயக்க முறைமையை மறுநாளும் நிறுவலாம். தாத்தாவின் படத்தை மறுநாள் எடுக்க முடியாது. அவசரம் வேண்டா.

எல்லோர்க்கும் இவ்வழி ஏற்றதென்றும் நாங்கள் சொல்லவில்லை. விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளையோ, அலுவலகம் விதித்த மென்பொருளையோ நம்பியிருப்பவர்கள் முதலில் தங்கள் தேவையை விசாரித்தறிய வேண்டும். சில அச்சுப்பொறிகளும் தொல்லை தரும். படிப்பு, எழுத்து, மின்னஞ்சல், இணையம் என்னும் அளவில் நிற்கும் இல்லங்களுக்கே இது முழுப் பயன் தரும். நம் காலனியில் அத்தகைய இல்லங்களே மிகுதி.

சங்கத்தின் நோக்கத்தோடு இதற்குள்ள தொடர்பையும் சொல்லிவிடுகின்றோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை முறை உருவாயிற்று. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்வரிசை வலக்கையிலும் அமைந்த அம்முறை லினக்ஸ் அமைப்புகளில் விலையின்றிக் கிடைக்கின்றது. லோஹித், நோட்டோ முதலிய தமிழ் எழுத்துருக்களும் அவ்வாறே. திரையின் கட்டளைச் சொற்களையும் பெருமளவு தமிழிலேயே காணலாம். தன்னார்வலர்கள் பலர் மொழிபெயர்த்து வைத்திருக்கின்றனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள், பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்க அந்தச் சிறு மடிக்கணினியே துணையாகின்றது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் எழுதிய கதை இவ்வாண்டு மலரின் சிறுவர் பகுதியில் வந்துள்ளது.

தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தில்லியின் சீலம்பூரில், எறியப்பட்ட மின்னணுப் பொருள்களைக் காப்புறையின்றிக் கையால் உடைத்துப் பிரித்துப் பிழைக்கும் ஏழை மக்கள் பலர் உள்ளனர். ஈயமும் அமிலமும் அவர்கள் மூச்சிலும் நீரிலும் கலக்கின்றன. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கழிவைச் சேர்த்தல் முறை. உண்மையாகவே முடிவுற்ற இயந்திரத்தையும் உப்பிய பேட்டரியையும் அவ்வாறே சேர்ப்போம். முடிவுறாததை முடிந்ததென்று எறியாதிருப்போம்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் நூலகம் திறந்திருக்கும். மேல்தட்டில் உறங்கும் மடிக்கணினியை, அதன் மின்னிணைப்புக் கம்பியோடும், அதில் என்னென்ன இருக்கின்றன என்று அறிந்த ஒருவரோடும் கொண்டு வாருங்கள். அது பிழைக்குமா பிழைக்காதா என்பதை உங்கள் கண்முன்னே சோதித்துச் சொல்வோம். பிழைத்தால் உங்கள் இல்லத்திலேயே வைத்துக்கொள்ளலாம்; தேவையில்லையெனில் நூலகத்திற்குத் தரலாம். கைப்பேசிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் எங்களிடம் உள்ளது. சென்ற ஆண்டு அதில் இருந்த பெயர்களுள் மூன்றை அடித்துவிட்டோம். எஞ்சியவற்றையும் அடிக்கும் நாள் உங்கள் கையில் உள்ளது.